ப்ரீ-மெட் ஜிபிஏவுக்கு ஆன்கி: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஆன்கி என்பது முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று கார்டு எழுதி வைத்தால், அதை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி கேட்கும் செயலி. ஐபோனைத் தவிர மற்றதில் அதற்குக் காசு கிடையாது. விலையை நேரமாகக் கட்டுகிறோம். ஒரு செமஸ்டர் முழுக்க தினமும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை விழுங்கும் செயலி இது. ப்ரீ-மெட் மாணவருக்கு, அதாவது மருத்துவக் கல்லூரியைக் குறிவைத்து இளங்கலை படிப்பவருக்கு, அந்த நேரம் கிரேடாகத் திரும்பி வருகிறதா என்பதுதான் கேள்வி. உயிரியல், பயோகெமிஸ்ட்ரி, உடற்கூறியல், உடலியங்கியல் ஆகியவற்றில் கொடுத்ததற்கு மேலேயே திரும்பி வரும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பாதி வரும். ஜெனரல் கெமிஸ்ட்ரியிலும் இயற்பியலிலும் பெரும்பாலோர் பயன்படுத்தும் விதத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. ஆனால் அங்கேயும் ஒரு வழி இருக்கிறது.

முதலில், கிரேடு விஷயத்தில் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறது. அது கல்லூரி போட்ட ஜிபிஏவை (கிரேடுகளின் சராசரியை) அப்படியே எடுத்துக்கொள்ளாமல், டிரான்ஸ்கிரிப்டை வைத்துத் தானே மறுபடி கணக்கிடும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் பிரித்து பிசிபிஎம் என்று தனி ஜிபிஏவும் போடும். ஏ பிளஸுக்கும் 4.0தான். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு அழியாது, இரண்டும் சேரும். 2023-ல் எம்.டி. படிப்பில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77, அறிவியல் பாடங்களில் மட்டும் 3.71.

இதில் ஒரு சறுக்கல் என்ன செய்யும் என்று போட்டுப் பாருங்கள். 60 கிரெடிட் முடித்து 3.80-ல் இருக்கும் மாணவர் 4 கிரெடிட் ஆர்கானிக்கில் ஒரு சி வாங்கினால் ஜிபிஏ 3.69 ஆகிவிடும். மறுபடி 3.80-க்கு ஏற, அடுத்து எடுக்கும் 36 கிரெடிட்டிலும் ஏ மட்டுமே வாங்க வேண்டும். நான்கு கிரெடிட் பாடம் என்றால் ஒன்பது பாடம். ஒரு வருஷத்துக்கும் மேல். ஆகவே இந்த ஆட்டத்தில் ஏறுவதைவிட விழாமல் இருப்பது முக்கியம். எந்தக் கருவியையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்: ஒரு பாடத்தில் சி வராமல் இது தடுக்குமா?

ஆன்கி 2006-ல் வந்தது. டேமியன் எல்ம்ஸ் எழுதிய திறந்த மூல மென்பொருள். ஜப்பானிய மொழியில் 'ஆன்கி' என்றால் மனப்பாடம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இலவசம். ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் நடத்தும் ஆன்கிட்ராய்டும் இலவசம். ஐபோனுக்கான ஆன்கிமொபைல் மட்டும் 24.99 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும். ஆப் ஸ்டோரில் தேடும்போது கவனம்: ஏறக்குறைய இதே பெயரில் 'ஆன்கிஆப்' என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் செய்த கார்டுகள் ஆன்கியின் ஒத்திசைவுச் சேவையான ஆன்கிவெப்போடு ஒத்திசையாது. முதல் வாரம் அதில் 200 கார்டு போட்டுவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

நிறுவியதும் கைவைக்க வேண்டிய அமைப்புகள் நாலைந்துதான்.

டெக் (கார்டுக் கட்டு) ஆப்ஷன்ஸில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற சுவிட்சை ஆன் செய்யுங்கள். 23.10 பதிப்பிலிருந்து ஆன்கியிலேயே சேர்ந்து வரும் புதிய அட்டவணைமுறை இது. பழைய முறை 1987-ஆம் ஆண்டின் சூப்பர்மெமோ கணக்கை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒரு கார்டை மறந்து மறந்து அகெய்ன் (மறந்துவிட்டேன்) அழுத்தினால் அதன் ஈஸ், அதாவது இடைவெளி எவ்வளவு வேகமாக நீளும் என்ற சதவீத எண், 20 புள்ளி வீதம் இறங்கி 130-ல் போய் நிற்கும். பிறகு அந்தக் கார்டு தெரிந்தாலும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். இதற்குப் பழைய பயனர்கள் வைத்த பெயர் 'ஈஸ் ஹெல்', பொருத்தமான பெயர்தான். எஃப்எஸ்ஆர்எஸ் உங்கள் பதில்களின் வரலாற்றை வைத்து இடைவெளியைக் கணக்கிடுவதால் இந்தச் சிக்கல் இல்லை. மாதம் ஒரு முறை ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்தினால் போதும்.

டிசையர்டு ரிடென்ஷன் (கார்டு வரும்போது விடை நினைவிருக்க வேண்டிய விகிதம்) 0.90-ல் இருக்கும், அப்படியே விடுங்கள். தேர்வுப் பயத்தில் 0.97-க்கு ஏற்றுவது எல்லாரும் செய்யும் தவறு. அந்தக் கடைசிச் சில சதவீதத்துக்காகத் தினசரிக் கார்டு எண்ணிக்கை பல மடங்காகும். அந்த நேரத்தில் நான்கு இயற்பியல் கணக்குப் போட்டிருக்கலாம்.

லேர்னிங் ஸ்டெப்ஸ் (புதிய கார்டை முதலில் மறுபடி காட்டும் இடைவெளிகள்) எல்லாம் ஒரு நாளுக்குள்ளேயே இருக்கட்டும். 10 நிமிடம் ஒன்றே போதும். ஒரு நாளுக்கு மேற்பட்டதை எஃப்எஸ்ஆர்எஸ் கையில் விட்டுவிட வேண்டும்.

நாளொன்றுக்கு அதிகபட்ச ரிவ்யூ (பழைய கார்டை மறுபடி பார்ப்பது) 200 என்று வரும். அதை 9999 ஆக்குங்கள். 200-ல் விட்டால் மிச்சக் கார்டுகள் கண்ணில் படாமல் பின்னால் குவியும். திரையில் 'இன்றைய வேலை முடிந்தது' என்று வாழ்த்து வரும், மிட்டர்மில் (செமஸ்டர் நடுத் தேர்வில்) குட்டு உடையும். கட்டுப்படுத்த வேண்டியது புதிய கார்டின் எண்ணிக்கையை.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு நாளைக்குச் சேர்க்கும் புதிய கார்டைப் போலப் பத்து மடங்கு ரிவ்யூவுக்கு இடம் விட வேண்டும் என்பது ஆன்கியே தரும் வழிகாட்டல். மூன்று அறிவியல் பாடம், வாரம் மும்மூன்று வகுப்பு, வகுப்புக்கு 30 கார்டு என்றால் வாரம் 270, நாளுக்கு ஏறக்குறைய 39. அதாவது 390 ரிவ்யூ வரை. கார்டுக்கு 9 விநாடி வைத்தால் ஒரு மணி நேரம். வகுப்புக்கு 60 கார்டு போட்டால் இரண்டு மணி நேரம், அதுவும் சனி ஞாயிறு உட்பட. செமஸ்டரின் ஆறாவது வாரத்தில் ஆன்கியைக் கைவிடுபவர்களில் பாதிப் பேரின் கதை இந்தப் பெருக்கலில் அடங்கிவிடும். வகுப்புக்கு 25 முதல் 30, அதற்கு மேல் வேண்டாம்.

அப்படியானால் ஸ்லைடில் இருப்பதில் எதைக் கார்டாக்குவது? பயோகெமிஸ்ட்ரியிலிருந்து ஒரு ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். கிளைக்கோலிசிஸின் மூன்றாம் படி, பிஎஃப்கே-1 நொதி. ஏஎம்பியும் ஃபிரக்டோஸ் 2,6-பிஸ்பாஸ்பேட்டும் தூண்டும், ஏடிபியும் சிட்ரேட்டும் தடுக்கும் என்று ஸ்லைடில் இருக்கும். 'பிஎஃப்கே-1 எப்படி ஒழுங்குபடுத்தப்படுகிறது?' என்று முன்பக்கத்தில் எழுதி, பின்பக்கத்தில் அந்த ஸ்லைடை ஒட்டினால் அது கார்டு ஆகாது. நான்கில் மூன்று நினைவிருந்தால் குட் (நினைவிருக்கிறது) அழுத்துவதா அகெய்ன் அழுத்துவதா என்றே தெரியாது. இதை நான்காக உடையுங்கள்.

ஒன்று: செல்லில் ஏஎம்பி ஏறினால் பிஎஃப்கே-1 என்ன ஆகும், ஏன்? வேகம் கூடும், ஏஎம்பி ஏறுவது ஆற்றல் தீர்ந்துவருவதன் அடையாளம். இரண்டு: சிட்ரேட் ஏறினால்? வேகம் குறையும், சிட்ரிக் அமில சுழற்சியில் ஏற்கெனவே சரக்கு நிறைய இருக்கிறது. மூன்று: ஏடிபி இந்த வினையில் செலவாகும் பொருள், அதுவே தடுப்பானாகவும் இருப்பது எப்படி? வினை நடக்கும் இடம் வேறு, தடுப்பானாகப் போய் ஒட்டும் அலோஸ்டெரிக் இடம் வேறு. நான்கு: கல்லீரலில் குளுக்ககான் வந்தால் ஃபிரக்டோஸ் 2,6-பிஸ்பாஸ்பேட் என்ன ஆகும்? குறையும், கிளைக்கோலிசிஸும் தணியும். ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரே மூச்சில் வர வேண்டும். 'ஏன்' என்ற வார்த்தை கார்டில் இருப்பது முக்கியம். மிட்டர்மில் 'சிட்ரேட் ஒட்ட முடியாதபடி மரபணு மாற்றம் அடைந்த பிஎஃப்கே-1' என்று கேள்வி வரும்போது கைகொடுப்பது அந்த 'ஏன்'தான்.

அமினோ அமிலங்கள் ஆன்கிக்காகவே பிறந்தவை. இருபதுக்கும் கட்டமைப்பு, மூன்றெழுத்துச் சுருக்கம், ஓரெழுத்துச் சுருக்கம், உடல் பிஎச்சில் மின்சுமை. பக்கச் சங்கிலியின் பிகேஏ (அமில வலிமையைக் காட்டும் எண்) ஏழு அமினோ அமிலங்களுக்கு மட்டும் போதும். ஹிஸ்டிடின் சுமார் 6 என்பதை மட்டும் தனிக் கார்டாக்குங்கள், உடலின் பிஎச்சுக்கு அவ்வளவு அருகில் வேறெதுவும் இல்லை என்பதால் கேள்விகள் அதைச் சுற்றியே வரும். வளர்சிதைப் பாதைகளுக்கும் உடற்கூறியல் படங்களுக்கும் இமேஜ் அக்ளூஷன் இருக்கிறது; படத்தின் மேல் பெட்டி வரைந்து மறைக்கும் வசதி. 'ஒன்றை மட்டும் மறை' என்ற முறையில் பக்கத்துப் பெயர்களைப் பார்த்தே விடையை ஊகித்துவிடலாம். பாதைகளுக்கு 'எல்லாவற்றையும் மறைத்து ஒன்றைக் கேள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை.

இனி ஆர்கானிக். இங்கே மனப்பாடமும் வேண்டும், கை பழகுவதும் வேண்டும். மனப்பாடப் பகுதி இது: பிகேஏ ஏணி (கார்பாக்சிலிக் அமிலம் 5, ஃபீனால் 10, ஆல்கஹால் 16, கீட்டோனின் ஆல்பா ஹைட்ரஜன் 20, முனை ஆல்கைன் 25, ஆல்கேன் 50), பிறகு வினைப்பொருள்கள். வினைப்பொருள் கார்டு இரு பக்கமும் ஓட வேண்டும். எஸ்டர், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு, கிடைப்பது என்ன? முதல்நிலை ஆல்கஹால். எஸ்டரிலிருந்து ஆல்டிஹைடோடு நிறுத்த வேண்டும் என்றால்? டைபால், மைனஸ் 78 டிகிரியில். முதல்நிலை ஆல்கஹாலை ஆல்டிஹைடோடு நிறுத்த பிசிசி, கார்பாக்சிலிக் அமிலம் வரை கொண்டுபோக ஜோன்ஸ். ஒரு பக்கம் மட்டும் ஓட்டியவர்களை சிந்தெசிஸ் கேள்வி மாட்டிவைக்கும். அங்கே தருவது தொடக்கமும் முடிவும்தான், நடுவில் எதைப் போடுவது என்பது உங்கள் பாடு.

மெக்கானிசத்தை (வினை படிப்படியாக நடக்கும் வழியை) கார்டாக்காதீர்கள். அம்புக்குறி போட்ட படத்தைப் பார்த்து 'தெரியும்' என்று குட் அழுத்துவது அடையாளம் காண்பது மட்டுமே. வெற்றுத்தாளில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைவது வேறு திறமை. அதற்குத் தாளும் பென்சிலும்தான். ஒவ்வொரு மெக்கானிசத்தையும் பார்க்காமல் மூன்று வெவ்வேறு நாட்களில் வரைந்தால் ஆன்கி செய்யும் இடைவெளி வேலையைத் தாளே செய்துவிடும்.

ஜெனரல் கெமிஸ்ட்ரியிலும் இயற்பியலிலும் ஆன்கியை நம்பி உட்காருபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். காரணம் எளிது. நாள்தோறும் 300 கார்டு பச்சையாக முடியும்போது படித்துவிட்ட திருப்தி வருகிறது. அந்தத் திருப்தி கணக்குப் போடும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. பல்லணு அயனிகளின் பெயர், வலிமையான அமிலங்கள், கரைதிறன் விதிகள், மூலக்கூறு வடிவங்கள் ஆகியவற்றுக்குக் கார்டு போட்டு முடித்தால் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் கார்டு வேலை முடிந்தது. இயற்பியலில் சூத்திரத்தைவிட அந்தச் சூத்திரம் எப்போது செல்லாது என்பதைக் கார்டாக்குவது நல்லது. மாறாத முடுக்கச் சமன்பாடுகளைச் சுருள்வில் கணக்கில் போடும் தவறு ஒவ்வொரு மிட்டர்மிலும் நடக்கிறது.

மேலே சொன்ன அந்த 'ஒரு வழி' பிழைக் கார்டுகள். கணக்குத் தாளிலோ மிட்டர்மிலோ மதிப்பெண் போன ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, விடையை விட்டுவிட்டு, எந்த முடிவில் தடம் மாறியது என்று தேடுங்கள். அந்த முடிவு மட்டும் கார்டு. உதாரணம்: உராய்வுள்ள சாய்தளத்தில் கட்டை சறுக்குகிறது, தூரம் கொடுத்து வேகம் கேட்கிறார்கள். முன்பக்கம்: முதல் வரி என்ன? பின்பக்கம்: இயந்திர ஆற்றல் அழியாது என்று தொடங்காதே, வேலை–ஆற்றல் தேற்றம், உராய்வின் வேலை எதிர்க்குறி, செங்குத்து விசை எம்ஜி அல்ல, எம்ஜி காஸ் தீட்டா. இன்னொன்று: பஃபரில் வலிமையான அமிலம் சேர்த்தால் முதல் வேலை? மோல் கணக்கில் வினையை முடித்துவிட்டுப் பிறகுதான் ஹென்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடு. இப்படி வாரம் பத்து கார்டு தேறினால் அதிகம். இயற்பியல் டெக்கில் இவை மட்டுமே இருந்தால்கூடப் போதும்.

எந்தப் பாடமானாலும் ஆன்கியின் ஒரு பெரிய குறை பொதுவானது: அதற்கு உங்கள் தேர்வுத் தேதி தெரியாது. தேர்வு வியாழக்கிழமை, கார்டு அடுத்த திங்கட்கிழமை வரும் என்று அது அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஆகவே கார்டு போடும்போதே தேர்வுவாரியாக ஒரு டேக் கொடுங்கள். தேர்வுக்கு நான்கு நாள் முன்னதாகப் புதிய கார்டை நிறுத்துங்கள். டூல்ஸில் ஃபில்டர்டு டெக் (தேடியெடுத்த கார்டுகளுக்கான தற்காலிக டெக்) உருவாக்கி, தேடல் பெட்டியில் அந்த டேக்கைப் போட்டு, எண்ணிக்கை வரம்பை ஏற்றுங்கள்; இயல்பாக 100-ல் நின்றுவிடும், பலர் கவனிப்பதில்லை. அந்த டெக்கை மூன்று நாளில் பிரித்து முடிக்கலாம். தேர்வு முடிந்ததும் அதை அழித்தால் கார்டுகள் அழியாது, பழைய இடத்துக்கே திரும்பிவிடும், பயப்பட வேண்டாம்.

பொத்தான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மறந்துபோனதற்கு 'ஹார்ட்' அழுத்துபவர்கள் நிறைய. ஹார்ட் என்றால் சிரமப்பட்டாலும் சரியாகச் சொன்னேன் என்று பொருள். மறந்ததை ஹார்ட் என்று சொல்லிக்கொண்டே போனால் எஃப்எஸ்ஆர்எஸ் உங்கள் நினைவை உள்ளதைவிடச் சிறந்ததாக எண்ணி எல்லாக் கார்டின் இடைவெளியையும் நீட்டிவிடும். அகெய்ன், குட் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் சண்டையே இல்லை. எட்டு தடவை மறந்த கார்டை ஆன்கி 'லீச்' என்று குறிக்கும். அதைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் உடைத்து எழுதுங்கள். தவறு பெரும்பாலும் கார்டில்தான் இருக்கும்.

இன்னொரு ஆபத்து ஒத்திசைவு. லேப்டாப்பும் போனும் முரண்பட்டால் 'அப்லோடா, டவுன்லோடா' என்று கேட்கும். எந்தக் கருவியில் கடைசியாகக் கார்டு போட்டீர்கள் என்று யோசிக்காமல் அழுத்தினால் ஒரு வாரத்து வேலை போய்விடும். டெஸ்க்டாப் ஆன்கி தானாகவே பேக்கப் எடுத்து வைக்கிறது. ஃபைல் மெனுவில் ஸ்விட்ச் ப்ரொஃபைல் வழியாகப் பேக்கப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. போனதும் முதலில் அங்கே பாருங்கள், மறுபடி ஒத்திசைக்காதீர்கள்.

ஆயத்தக் கார்டுத் தொகுப்புகளைப் பற்றி நிறையப் பேச்சு அடிபடும். ஆன்கிங் தொகுப்பு மருத்துவக் கல்லூரியில் ஸ்டெப் தேர்வு எழுதுபவர்களுக்கானது. இளங்கலையில் அதைத் திறப்பது வீண். மைல்டவுன் தொகுப்பு மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கு நல்லது, வகுப்புத் தேர்வுக்கு அல்ல. உங்கள் பேராசிரியரின் தேர்வு அவருடைய ஸ்லைடிலிருந்து வருகிறது. அவர் வலியுறுத்திய விதிவிலக்கு எந்தத் தொகுப்பிலும் இருக்காது. கார்டு எழுதுவதே பாதிப் படிப்பு என்பதையும் மறக்க வேண்டாம். குவிஸ்லெட் என்ற இன்னொரு கார்டுச் செயலி? நாளை மறுநாள் குவிஸ் என்றால் சரி, செமஸ்டருக்கு வேண்டாம்.

மூன்று நான்கு நாள் விட்டுப்போய் 900 கார்டு குவிந்தால் ஒரே இரவில் தீர்க்க முயலாதீர்கள். புதிய கார்டைப் பூஜ்ஜியமாக்கி, அடுத்த தேர்வின் டேக் உள்ளவற்றை ஃபில்டர்டு டெக்கில் முதலில் முடித்து, மற்றதை அன்றன்றைக்கு வருவதோடு 150 வீதம் கரையுங்கள். ஒரு வாரத்துக்குள் தீரும்.

செமஸ்டர் முடிந்ததும் டெக்கை மொத்தமாக அழிப்பதும் தவறு, மொத்தமாகச் சுமப்பதும் தவறு. பேராசிரியரின் தேர்வுக்காக மட்டும் போட்ட கார்டுகளை சஸ்பெண்ட் செய்யுங்கள் (அழியாது, வராமல் மட்டும் நிற்கும்). அமினோ அமிலம், வளர்சிதைப் பாதைகள், பிகேஏ ஏணி, இயற்பியல் பிழைக் கார்டுகள் எல்லாம் எம்கேட்டுக்கு வேண்டியவை. அவற்றைத் தனி டெக்குக்கு மாற்றி, அதற்கு வேறொரு ப்ரீசெட் (அமைப்புத் தொகுதி) போட்டு ரிடென்ஷனை 0.85-க்கு இறக்கிவிடுங்கள். நாளுக்குச் சில நிமிடமே கேட்கும்.